அந்தப் பெயரில் யாரும் இல்லை

கோவில்பட்டிக்கும் சாத்தூருக்கும் நடுவே, மூடிப்போன நூற்பாலைக்குப் பின்னால், கரிசல் மண்ணும் சீமைக்கருவேலமும் விட்டுக்கொடுத்த இடத்தில் இரண்டு வரிசை வீடுகளாக நிற்கும் எங்கள் காலனியில், என் மனைவி ஒருநாள் காலை கம்ப்யூட்டரில் ‘நாளை’ என்ற சொல்லை ‘இன்று’ என்று மாற்றினாள். மாற்றிய கையோடு குழாயில் தண்ணீர் வந்தது. வந்த தண்ணீரை எல்லோரும் பிடித்தோம். ஏன் வந்தது என்று குடம் நிறையும்வரை யாரும் கேட்கவில்லை. நிறைந்த பிறகு கேட்கத் தோன்றவில்லை.

அவள் பெயர் கௌசல்யா. ஆலை ஓடிய காலத்தில் அவள் நூல் சுற்றும் ரீலிங் பிரிவில் இருந்தாள், நான் எலக்ட்ரீஷியன். ஆலை மூடியபின் மிக்ஸி, கிரைண்டர், மோட்டார் என்று கிடைத்ததைப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருந்தேன். சாத்தூரில் ஒரு பிரவுசிங் சென்டரை மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய், ஒரு பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிவந்து, சரிசெய்து விற்றுவிடலாம் என்று மேசைமேல் வைத்தேன். விற்பதற்குள் அவள் அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். செல்போனைச் சுவரில் சாய்த்துவைத்து, யாரோ ஒரு பெண் தமிழில் ஜாவாஸ்கிரிப்ட் சொல்லிக்கொடுக்கும் வீடியோக்களைப் பார்த்து, நிறுத்தி, எழுதி, அழித்து, மறுபடி ஓடவிட்டு, உலை கொதிக்கும்போது எழுந்துபோய் வந்து அவள் கற்றுக்கொண்டாள். அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று நான் கற்றுக்கொண்டேன். அதில் அவளுக்குப் பிடித்தது ஒன்றுதான்: வெப் பக்கத்தில் ஏற்கெனவே இருக்கும் ஒரு பொருளைத் தேடிக் கண்டுபிடித்து, அதன் எழுத்தை மாற்றலாம், நிறத்தை மாற்றலாம், ஒளித்துவைக்கலாம், திரும்பக் காட்டலாம். ஆலையில் அத்தனை வருஷம் சொல்லியும் ஓடாத ஒரு ஃபேனை மாற்ற முடியவில்லை, இது சொன்னதும் மாறுகிறது என்பாள்.

எங்களுக்குத் தண்ணீர் வீட்டுக்கு வீடு முறைவைத்துத்தான் வரும். யார் முறை, என்றைக்கு என்பதில் தினமும் சண்டை. அதனால் அவள் காலனிக்கென்று ஒரு பக்கம் செய்தாள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பெட்டி. பெட்டிக்குள் அந்த வீட்டுப் பெண்ணின் பெயர். தண்ணீர் வரும் நேரத்தில் வீட்டில் இருப்பது பெண்கள்தான், அப்புறம் எதற்கு ஆம்பளை பேர் என்று சொல்லிவிட்டாள். பெயருக்குக் கீழே ‘தண்ணீர்: நாளை’ என்றோ ‘தண்ணீர்: இன்று’ என்றோ இருக்கும், இன்று என்றால் பெட்டி நீலமாகும். பெட்டியின் மூலையில் ஒரு பெருக்கல் குறி. வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போகிறவர்கள் அதை அமுக்கினால் பெட்டி மறைந்து, முறை அடுத்த வீட்டுக்குப் போகும். திரும்பி வந்ததும் பக்கத்தின் அடியில் தன் பெயரை அடித்து ‘காட்டு’ என்ற பட்டனை அமுக்கினால் பெட்டி திரும்ப வரும். தவறான பெயரை அடித்தால் ‘அந்தப் பெயரில் யாரும் இல்லை’ என்று மரியாதையாகச் சொல்லும். அந்த வாக்கியத்தை அவள்தான் எழுதினாள். முதலில் ‘தவறு’ என்று எழுதி, அது அதட்டுகிற மாதிரி இருக்கிறது என்று மாற்றினாள்.

பெயர்களையெல்லாம் அடித்துக்கொடுத்தவர் ஜெபமணி சார். காலனி சங்கத்தின் செயலாளர். ஆலை ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வுபெற்றவர். தமிழில் அடிக்க வேண்டும் என்று காதில் விழுந்ததும் கூப்பிடாமலே வந்து, விசைப்பலகையைத் தனக்குப் பழகிய பழைய தட்டச்சு முறைக்கு மாற்றச் சொல்லி, முதுகை நிமிர்த்தி, கண்ணைச் சுவரில் வைத்து, மழை பெய்கிற சத்தத்தில் இரண்டு வரிசைப் பெண்களையும் அடித்துமுடித்து, காபி குடித்துவிட்டுப் போனார்.

தண்ணீர் வந்தபின் காலனி அதற்குப் பழகிக்கொண்டது. முதலில் அவள் எங்கள் பெட்டியை மட்டும் மாற்றினாள், எங்கள் குழாயில் மட்டும் வந்தது, அதில்தான் எல்லோரும் பிடித்தோம். பிறகு எல்லாப் பெட்டிகளையும் இன்று என்று மாற்றினாள், எல்லாக் குழாய்களிலும் வந்தது, மறுநாளும் வந்தது, அதற்கு மறுநாளும் இன்றாகவே இருந்ததால் வந்துகொண்டே இருந்தது. மானிட்டருக்கு மஞ்சள் குங்குமம் வைத்தார்கள். பக்கத்து வீட்டு ரெஜினா, இட்லி மாவு அரைத்து விற்கிறவள், முழம் கனகாம்பரம் வாங்கிவந்து அதன்மேல் போட்டாள். கரிசலில் கத்தரி நட்டார்கள், அது காய்த்தது. எங்கள் காலனிப் பையன்களுக்குப் பெண் கொடுக்க ஆட்கள் வந்தார்கள். தண்ணி உள்ள இடம் என்று பேர் வந்துவிட்டது. கடைசி வீட்டுக்காரி தன் பெட்டியை முதல் வரிசைக்குக் கொண்டுபோகச் சொன்னாள். கொண்டுபோனதும் அவள் வீடு மெயின் ரோட்டோரம் போய் நின்றது. பஸ் ஹாரனில் பிள்ளை தூங்கவில்லை என்று மறுநாளே திருப்பிவைக்கச் சொல்லிவிட்டாள். குழாயடியில் சண்டை போட ஒன்றும் இல்லாமல் சிலர் கொஞ்சநாள் எரிச்சலாகத் திரிந்தார்கள். அவ்வளவுதான்.

ஒருநாள் கரண்ட் போனது. திரை அணைந்தது, தண்ணீர் பாதிக் குடத்தில் நின்றது. கரண்ட் வந்ததும் பக்கத்தைத் திறந்தோம். அவள் கோப்பில் முதலில் எழுதிவைத்த மாதிரியே எல்லாப் பெட்டியும் ‘நாளை’ என்றது. கோடிங் செய்யும் மாற்றம் பக்கம் திறந்திருக்கும்வரைதான். மூடித் திறந்தாலோ ரெஃப்ரெஷ் செய்தாலோ எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று அவள் விளக்கினாள். மறுபடி ‘இன்று’ என்று மாற்றினாள். மாறியது, தண்ணீர் வரவில்லை. அடைப்புக்குறியைப் பார்த்தாள், புள்ளியைப் பார்த்தாள், ஒற்றைச் சமக்குறி போட வேண்டிய இடத்தில் இரட்டை இருக்கிறதா என்று பார்த்தாள். ஓரிடத்தில், பெட்டிகள் பிறப்பதற்கு முன்பே கோடிங் அவற்றைத் தேடிப் போயிருந்தது. அந்த வரிகளைக் கீழே இறக்கினாள். வெளியே காலிக் குடங்களோடு ஜனங்கள் நின்றார்கள். ஒரு சாயங்காலம், நாலைந்து இடத்தில் ஒரே நேரத்தில் கைவைத்தபின், தண்ணீர் வந்தது. எதைச் சரிசெய்ததால் வந்தது என்று அவளுக்கே தெரியாது. அதை அவள் எல்லோரிடமும் சொல்லியும்விட்டாள்.

அதற்குப்பின் யாருக்கும் நிம்மதியில்லை. வீட்டுக்கு வீடு கொடுத்து பேட்டரி வாங்கி யு.பி.எஸ். வைத்தார்கள். காவலுக்கு முறை போட்டார்கள். எந்நேரமும் யாராவது ஒருவர் எங்கள் முன்னறையில் மானிட்டரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கை தவறிப் பட்டுவிடக் கூடாது என்று ரெஃப்ரெஷ் செய்யும் எஃப்-ஃபைவ் கீயை ஸ்பூனால் நெம்பிப் பிடுங்கி ஜெபமணி சாரிடம் கொடுத்துவைத்தார்கள். யு.பி.எஸ். கீச்சிட்டால் காலனியே எழுந்து ஓடிவந்தது. நாங்கள் சாப்பிடும்போதும் யாரோ திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், சண்டை போடும்போதும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சண்டையை மெதுவாகப் போடப் பழகினோம்.

இந்த நிலைமையில்தான் சாத்தூரில் அவள் தங்கை மகளுக்கு வளைகாப்பு வந்தது. நாங்கள் இருவரும் இரண்டுநாள் தங்கிவர வேண்டும். பையை எடுத்துக்கொண்டு, பட்டுச்சேலை கட்டி, கிளம்பும்போது நின்று, நாம் இல்லாத வீட்டுக்கு எதற்குத் தண்ணீர் என்று சொல்லி, தன் பெட்டியின் மூலையிலிருந்த பெருக்கல் குறியை அமுக்கினாள். அதுவரை அந்தக் குறியை யாரும் அமுக்கியதில்லை. தண்ணீர் வர ஆரம்பித்தபின் ஒருவரும் வெளியூர் போகவில்லை.

பெட்டி மறைந்தது. அவளும் மறைந்தாள். பையும் போயிற்று.

இதெல்லாம் நடந்து வருஷங்கள் கழிந்த இப்போது அவள் இல்லை. எல்லோருக்கும் வருவதுபோல் காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, போனாள். அந்த இல்லாமைக்கு ஓர் இடம் இருக்கிறது. கொடியில் அவள் சேலை தொங்கிய இடம் வெறுமையாக இருக்கிறது, நான் பார்க்கிறேன். அன்றைக்கு நடந்தது அப்படியல்ல. கோடிங்கில் மறைப்பதற்கு இரண்டு வழி உண்டு: ஒன்றில் பொருள் மறையும், அது இருந்த இடம் காலியாக இருக்கும், இன்னொன்றில் பொருளோடு இடமும் போய், பக்கத்தில் இருப்பவை நகர்ந்து ஒட்டிக்கொள்ளும். அவள் எழுதியிருந்தது இரண்டாவது. கொடியில் என் வேட்டிக்கும் என் சட்டைக்கும் நடுவே இடைவெளி இல்லை. கட்டில் என் உடம்பு அகலத்துக்கு ஒடுங்கிவிட்டது. அலமாரியில் என் தம்ளர்கள் இரண்டு பக்கம் பக்கமாக இடித்துக்கொண்டு நின்றன. இங்கே ஒருத்தி இருந்தாள் என்று காட்டுவதற்கு ஒரு விரல் அகல இடம்கூட அந்த வீட்டில் இல்லை.

நான் பயப்படவில்லை. திரும்பக் காட்டும் வழிதான் இருக்கிறதே. உட்கார்ந்து, ஒவ்வோர் எழுத்தாக வாய்விட்டுச் சொல்லி, அவள் பெயரை அடித்து, காட்டு என்பதை அமுக்கினேன்.

அந்தப் பெயரில் யாரும் இல்லை, என்றது.

இன்னொரு முறை அடித்தேன். முன்னால் இனிஷியல் போட்டு அடித்தேன், போடாமல் அடித்தேன். பின்னால் இடைவெளி விழுந்திருக்குமோ என்று பார்த்தேன். பெயர்கள் இருந்த கோப்பைத் தனியாகத் திறந்து பார்த்தேன். கௌசல்யா என்று தெளிவாக இருந்தது, நான் அடித்த மாதிரியேதான் இருந்தது. இன்றைக்கு எனக்கு வேறு பத்து வழி தெரியும். அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது அந்த ஒரு வழிதான், அதை எழுதியவள் அதற்குள்ளேயே போய்விட்டாள். வீட்டுக்குள் நடந்தேன், வாசலுக்கு வந்தேன், திரும்பப் போய் உட்கார்ந்து அடித்தேன். அந்தப் பெயரில் யாரும் இல்லை. சாத்தூரிலிருந்து மைத்துனி போன் செய்தாள், அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்றேன். திரும்பப் போய் அடித்தேன்.

மறுநாள் ரெஃப்ரெஷ் செய்துவிடுகிறேன் என்று காலனியில் சொன்னேன். செய்தால் கோப்பில் உள்ளபடி எல்லாப் பெட்டியும் வரும், அவள் பெட்டியும் வரும், அவள் வருவாள். ஜனங்கள் எங்கள் வாசலில் கூடினார்கள். யாரும் என்னைக் கோபிக்கவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. பாவம் என்றார்கள், நல்ல மனுஷி என்றார்கள், இறந்துபோனவளைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசினார்கள். கடைசியில் ஜெபமணி சார் எழுந்து நின்றார்.

“தப்பா நெனைக்கக் கூடாது, அண்ணாச்சி. கௌசல்யா தங்கச்சி வந்து, தண்ணி போயிருச்சுன்னா?”

“அவ வந்து சரிபண்ணிருவா, சார்.”

“போன தடவை எதைச் சரிபண்ணுனேன்னு தெரியலைன்னு அவங்களே சொன்னாங்கள்ல. மறுபடி வரும்னு நீங்க எழுதிக் குடுப்பீகளா?”

என்னால் எழுதிக்கொடுக்க முடியாது. அது அவருக்கும் தெரியும். கோப்பிலேயே எல்லோருக்கும் ‘இன்று’ என்று எழுதிவைத்துவிட்டு ரெஃப்ரெஷ் செய்யலாமே என்று கேட்டேன். முதல்முதலில் பக்கத்தைச் செய்தபோது கோப்பில் ஒரு வரிசைக்கு இன்று என்றுதான் எழுதியிருந்தது, அப்போது சொட்டுத் தண்ணீர் வரவில்லை, அதனால்தான் எல்லாவற்றையும் நாளை என்று திருத்தினாள், திரையில் மாற்றும்போதுதான் வந்தது என்று பின்னாலிருந்து ஒருவர் ஞாபகப்படுத்தினார். கை தூக்கச் சொன்னார்கள். ரெஃப்ரெஷ் வேண்டாம் என்று கைகள் எழுந்தன. ரெஜினா கையைத் தூக்குகிற மாதிரி தூக்கி, கொண்டையை அவிழ்த்து முடிந்துகொண்டாள்.

அன்று மத்தியானம் அவள் மாவு தோய்ந்த கையைத் துடைத்தபடி உள்ளே வந்தாள். தண்ணீர் வர ஆரம்பித்தபின் அவளுக்கு இரண்டு கிரைண்டர்; காலனியில் அவளைவிட அதிகமாக இழக்க ஆள் கிடையாது.

“அண்ணாச்சி, என்னை மறைங்க.”

“எதுக்கு?”

“மறைச்சுட்டுக் காட்டுங்க. பட்டன் ரிப்பேரா, இல்ல யக்கா பேர்தான் ரிப்பேரான்னு தெரிஞ்சுபோகும்ல.”

அது எனக்குத் தோன்றவில்லை. மோட்டார் ஓடவில்லையென்றால் அதே வயரில் வேறு மோட்டாரை மாட்டிப் பார்க்கிறவன் நான், எனக்குத் தோன்றவில்லை. திரும்பி வராவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன். ஊறவைத்த அரிசி வெளித்திண்டில் இருக்கிறது, புளிப்பதற்குள் எடுத்துவிடச் சொல்லுங்கள் என்றாள். அவள் பெட்டியின் பெருக்கல் குறியை அமுக்கினேன். மாவு வாசனையோடு சேர்ந்து மறைந்தாள். அவள் பெயரை அடித்து, காட்டு என்றேன். அதே இடத்தில் அதே ஈரக் கையோடு நின்றாள்.

“என்ன, அமுக்கலையா?” என்றாள்.

அமுக்கினேன், போய்விட்டு வந்தாய் என்று சொன்னபோது அவள் நம்பவில்லை. காவலுக்கு இருந்தவர் சத்தியம் செய்தபின்தான் நம்பினாள். நடுவில் ஒன்றுமே இல்லையாம். இருட்டு இல்லை, பயம் இல்லை, கண் இமைக்கிற நேரம்கூட இல்லை. எனக்கு அழுகை வந்தது. கௌசல்யாவுக்கு ஒரு கஷ்டமும் இருக்காது என்று கேட்டதில் வந்த அழுகை. ஆனால் அந்தச் செய்தி தெருவுக்குள் போய் வேறு மாதிரி திரும்பிவந்தது. அவங்களுக்குத்தான் ஒன்றும் தெரியாதே, அப்புறம் என்ன அவசரம், நிதானமாகத் தேடுங்கள் அண்ணாச்சி என்றார்கள். ஒருத்தர் தன் மாமியாரை ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் மறைக்க முடியுமா என்று சிரித்துக்கொண்டே கேட்டார். சிரிப்புக்குப் பின்னால் பதிலுக்குக் காத்திருந்தார்.

பட்டன் சரி. கோடிங் சரி. ரெஜினாவைக் கண்டுபிடிக்கிறது, வேறு இரண்டு பெண்கள் துணிந்து வந்தார்கள், அவர்களையும் கண்டுபிடித்தது. கௌசல்யாவை மட்டும் அதற்குத் தெரியவில்லை. நான் அடித்துக்கொண்டே இருந்தேன். எழுந்து நடந்து, ரயில்வே கேட் வரை போய், போன காரணம் மறந்து திரும்பிவந்து, சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்து அடித்தேன். ஒவ்வொரு முறையும் எழுத்தை வாய்விட்டுச் சொன்னேன். சொன்னால் கேட்டுவிடும் என்பதுபோலச் சொன்னேன். கத்தரிச்செடிகள் பூத்து நின்றன. மற்ற எல்லா வீட்டுக் குழாயிலும் தண்ணீர் ஓடுகிற சத்தம் சுவர் வழியாக வந்துகொண்டிருந்தது.

ஒருநாள் உச்சிவெயிலில், ஜெபமணி சாரின் காவல் முறை நடந்துகொண்டிருந்தபோது, நான் மேசைக்கு அடியில் குனிந்து யு.பி.எஸ்.ஸில் செருகியிருந்த கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடித்தேன்.

சார் எழுந்து நின்றார். வாசலில் நிழல்கள் சேர்ந்தன. எப்படித்தான் தெரியுமோ, குடம் வைத்திருந்தவர்கள் குடத்தோடு வந்திருந்தார்கள். யாரும் உள்ளே வந்து என் கையைப் பிடிக்கவில்லை. ரெஜினா வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்துகொண்டாள். என்னைத் தடுக்கவா, அவர்களைத் தடுக்கவா என்று அப்போது புரியவில்லை.

“புடுங்கப் போறீகளா?” என்றார் சார்.

“ஆமா.”

“ஒரே ஒரு தடவை நான் அடிச்சுப் பாக்கட்டுமா? நீங்க ரெண்டு விரல்ல தடவுறீக. எங்கியாவது தப்பு விழும். நான் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணவன். வரலைன்னா நீங்க புடுங்குங்க, நான் தடுக்க மாட்டேன்.”

பிளக்கை விடாமலே தலையாட்டினேன். அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு, பழைய தட்டச்சு முறைக்கு விசைப்பலகையை மாற்றி, முதுகை நிமிர்த்தி, கண்ணைச் சுவரில் இருந்த காலண்டரில் வைத்து, ஒரே ஓட்டமாக அடித்து, தானே காட்டு என்பதை அமுக்கினார்.

மேசைக்கும் கதவுக்கும் நடுவே அவள் நின்றாள். பட்டுச்சேலை, கையில் பை. பின்னால் முன்னறைச் சுவர் ஓரடி விலகிக் கொடுத்தது.

சார் தன் கையைப் பார்த்தார். நான் மேசைக்கு அடியிலிருந்து எழுந்ததில் தலையை இடித்துக்கொண்டேன். வாசலில் யாரோ ‘யேசுவே’ என்று முணுமுணுத்தது கேட்டது. அவள் என்னவோ சொல்ல வாயைத் திறந்தாள், குரல் வரவில்லை. திருவிழாவில் விடிய விடியக் கத்திவிட்டு வந்தவள்போலத் தொண்டை கட்டியிருந்தது. ரெஜினா ஓடிப்போய் வெந்நீர் கொண்டுவந்தாள்.

சாரின் கைக்கு மட்டும் ஏன் அகப்பட்டாள் என்பது அப்புறம் தெரிந்தது. அவர் அடித்த பெயரை நான் பின்னாலிருந்து ஒவ்வொன்றாக அழித்தேன். யா போயிற்று, ல் போயிற்று, ச போயிற்று. மிஞ்சிய கௌ-வை அழித்தபோது முழுதாகப் போகாமல், ஒரு ள மட்டும் தனியாக உதிர்ந்து, கெ என்று நின்றது. என் மனைவி பெயரில் ள கிடையாது. கௌ-வின் பின்னால் நிற்பது எழுத்தல்ல, ள மாதிரித் தெரிகிற குறி. நான் அடித்தது குறி, அவர் அடித்தது எழுத்து. கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கம்ப்யூட்டருக்கு இரண்டு வேறு ஆட்கள்.

“எங்க மெஷின்ல அதுக்குத் தனி கீ கிடையாதே,” என்றார் சார், யாரிடமோ முறையிடுவதுபோல. “கொம்பு போட்டு, க அடிச்சு, ள அடிச்சா கௌ. இன்ஸ்டிடியூட்ல அதுக்கு மார்க்கே குடுத்தாங்க.”

பட்டியலில் உள்ள பெயரை அவர்தான் அந்தக் கையால் அடித்திருந்தார். அந்தக் கைக்குத்தான் அவள் வந்தாள். காலனியிலேயே கௌ உள்ள பெயர் அவளுடையது ஒன்றுதான்.

எல்லோரும் ஒரே நேரத்தில் அவளுக்கு நடந்ததைச் சொன்னார்கள். அவள் வெந்நீரைக் குடித்தபடி கேட்டுக்கொண்டாள். வளைகாப்பு முடிந்துவிட்டது என்றபோது பையைக் கீழே வைத்தாள். கேட்டுமுடித்து, உடைந்த குரலில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“ஏன் ரெஃப்ரெஷ் பண்ணலை?”

வெளியே எங்கள் குழாயில் தண்ணீர் வாளி நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. அவள் பெட்டி திரும்பியதும் அதுவும் வந்திருந்தது. அவள் அதைக் கொஞ்சநேரம் பார்த்தாள். எழுந்துபோய்க் குழாயை மூடினாள். சேலையை மாற்றிக்கொண்டு, காலிக் குடத்தை எடுத்து, கூடியிருந்தவர்களை விலகச் சொல்லி, ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அடிபம்புக்கு நடந்தாள். அதன்பின் அந்தக் குழாயை அவள் திறக்கவேயில்லை. யாரையும் ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. பக்கத்தை மூடவும் இல்லை. மூட வேண்டாம் என்று நினைப்பவர்கள் இருக்கும்போது நான் எதற்கு மூட வேண்டும் என்று என்னிடம் சொன்னாள். தன் பெட்டியில் இருந்த பெருக்கல் குறிமேல் மட்டும் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவைத்தாள்.

காலையும் மாலையும் அவள் குடத்தோடு இரண்டு வரிசைக்கும் நடுவே நடந்துபோனாள். அவள் கடக்கும்போது தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் குழாயை மூடினார்கள், கடந்தபின் திறந்தார்கள். சத்தம் கேட்காமலிருக்கக் குழாய் வாயில் துணி கட்டினார்கள். சிலர் அவளிடம் வந்து, யக்கா நான் கையைத் தூக்கவேயில்லை என்றார்கள். தூக்காதவர்களை எண்ணிப்பார்த்தால் காலனியே தூக்கவில்லை. அவள் சரி என்றாள், குடத்தைத் தூக்கினாள். நான் இரண்டாவது குடத்தை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

முதலில் ரெஜினா வந்தாள். குழாய்த் தண்ணீரில் மாவு முன்னைப்போல் பொங்குவதில்லை என்று காரணம் சொன்னாள். அவள் வந்தபின் அவள் மச்சினி வந்தாள். பம்படியில் பேச்சு இருந்தது, சண்டை இருந்தது. அதைக் கேட்டு இன்னும் சிலர் வந்தார்கள், பிறகு வீட்டுக்கு ஒருவராவது வந்தார்கள். காவல் முறை தளர்ந்தது. காவலுக்கு வந்தவர் தூங்கினார், பிறகு வரவில்லை. கனகாம்பரம் காய்ந்து மானிட்டரோடு ஒட்டிக்கொண்டது. ஒருநாள் ஜெபமணி சார் ஏதோ கேட்க வந்தவர், முன்னறையில் நின்று, திரையில் தன் முகம் தெரிவதைப் பார்த்தார். தொட்டுப் பார்த்தார். சில்லென்றிருந்தது. எப்போது அணைந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. குழாயைத் திறந்து பார்த்தால் தெரிந்திருக்கும், அத்தனைநாள் யாரும் திறக்கவில்லை. போடட்டுமா என்று அவர் அவளைக் கேட்டார். உங்க இஷ்டம் சார் என்றாள். அவர் தன் வீட்டுக்குப் போய், ஒரு வாளியோடு திரும்பிவந்தார்.

அன்று சாயங்காலம் பம்புக்குப் போகிற வழியில் சாரும் மற்றவர்களும் முன்னால் போய்விட்டார்கள். அத்தனைநாள் கேட்காமல் வைத்திருந்ததை நான் கேட்டேன். நடுவில் ஒன்றுமே இல்லையென்று ரெஜினா சொன்னாளே, உனக்கும் அப்படித்தானா என்றேன்.

அவள் நடையை நிறுத்தவில்லை.

“ரெஜினாவை நீங்க ஒரு தடவைதான் கூப்பிட்டீக, உடனே வந்துட்டா,” என்றாள். “கல்யாணம் ஆனதுலேருந்து நீங்க என் பேரைச் சொல்லி இத்தனை தடவை கூப்பிட்டதேயில்ல. நீங்க ஒவ்வொரு எழுத்தாச் சொல்லிச் சொல்லிக் கூப்பிடுதீக, நான் இருக்கேன், இருக்கேன்னு சொல்லுதேன். அது இல்லை இல்லைன்னு சொல்லுது. நான் எழுதிக்குடுத்த வாக்கியம்தான். மாத்தவும் முடியல.”

நான் நின்றுவிட்டேன். அவள் குடத்தை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

“நடங்க,” என்றாள். “நின்னா வரிசை நீண்டுரும்.”